பீரோ இறக்கிய குற்றம்

கைபேசி விளையாட்டுத் தர மதிப்பீட்டு வாரியம் இருந்த கட்டிடத்துக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் உட்கார்ந்திருந்த காவலர் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிடுவார். முதல் நாள் அங்கே போன கண்ணாடிக் கடைக்காரி போனைக் கொடுத்துவிட்டு, அப்படியானால் உள்ளே விளையாட்டுகளை எதில் பார்ப்பார்கள் என்று கேட்டாள். காவலர் மரப்பெட்டியைப் பார்த்தார். அவர் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து யாரும் அதைக் கேட்டதில்லை. பெரியவங்க ஏதாவது வழி வெச்சிருப்பாங்க என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பிவைத்தார்.

கடைக்காரி என்றால் கடை அவளுடையது அல்ல. மூக்குக் கண்ணாடிக் கடையில் அவள் வேலை பார்த்தாள். பிரேமைச் சூடு காட்டி வளைத்து வருகிறவர்களின் காதுக்குப் பொருத்திக் கொடுப்பதும், எது தெளிவாகத் தெரிகிறது, இதுவா அதுவா என்று கேட்பதும் அவள் வேலை. வாரியத்தில் எல்லோரும் நிபுணர்களாகவே இருந்தால் வெளியில் பேச்சு வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்கு எப்போதோ தோன்றியிருக்கிறது. பொதுமக்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து உறுப்பினராக்க வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் குலுக்கலில் இவள் பெயர் விழுந்தது. கடிதத்தை அவள் கணவன் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, கேம் விளையாடவா கவர்ன்மென்ட் கூப்பிடுது என்று சிரித்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் எதையாவது விளையாடிக்கொண்டே போகிறவள் அவள். தெரிந்த வேலைதானே என்று சந்தோஷமாகக் கிளம்பி வந்திருந்தாள்.

கூட்ட அறையில் நீளமான மேஜை இருந்தது. மேஜையைச் சுற்றி நாற்காலிகள், நாற்காலிகளுக்கு முன்னால் கோப்புகள். சுவரோரம் கண்ணாடி அலமாரி ஒன்றில் புத்தம் புதிய டேப்லெட் ஒன்று பட்டுத்துணியின் மேல் படுத்திருந்தது. வாரியத்தின் திறப்பு விழாவில் வாங்கியது. அதன் சார்ஜரை வேறொரு துறை வாங்கித் தர வேண்டியிருந்ததால் அதை யாரும் உயிரோடு பார்த்ததில்லை.

தலைவர் துறைமுகத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். புது உறுப்பினரை வரவேற்றுப் பேசினார்.

"இந்தப் பொறுப்புக்கு என்னை ஏன் போட்டாங்கன்னு பல பேர் கேக்கறாங்க. காரணம் ரொம்ப எளிமை. நான் என் வாழ்க்கையில ஒரு விளையாட்டும் விளையாடினதில்லை. சின்ன வயசுல மத்த பசங்க ஓடும்போது நான் ஓரமா நின்னு, சரியா ஓடறாங்களான்னு பாத்துட்டிருப்பேன். அந்த நடுநிலையை இன்னிக்கு வரைக்கும் நான் விடல."

உறுப்பினர்கள் மேஜையைத் தட்டினார்கள். கண்ணாடிக் கடைக்காரியும் தட்டினாள். தட்டாவிட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்துத் தட்டியது.

பிறகு மதிப்பீடு தொடங்கியது. விளையாட்டுகள் கோப்புகளாக வந்தன. திரையைப் படமெடுத்து அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். கலர் பிரிண்டர் பழுதாகியிருந்ததால் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தன. எது சிவப்பு, எது பச்சை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. வண்ணங்களுக்கான உறுப்பினர் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு கொஞ்சம் தூக்கல் என்றார். இசையை விண்ணப்பதாரரே வார்த்தைகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'துள்ளலான இசை, நடுவில் மணியோசை, தோற்றால் சோகம்' என்று ஒரு கோப்பில் இருந்தது. இசைக்கான உறுப்பினர் அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்து மதிப்பெண் போட்டார்.

இதையெல்லாம் யாராவது விளையாடிப் பார்ப்பீர்களா என்று அவள் கேட்டாள். செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். மதிப்பீடு செய்கிறவர் மதிப்பீட்டுக்கு வந்த விளையாட்டை விளையாடக் கூடாது என்பது வாரியத்தின் அடிப்படை விதி என்று விளக்கினார். ஆரம்பத்தில் ஒரு உறுப்பினர் விளையாடிப் பார்த்திருக்கிறார், அது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது, நல்ல மதிப்பெண் கொடுத்துவிட்டார். பெரிய களங்கமாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த விதி.

"விளையாடினா பிடிச்சுப்போயிடும்மா," என்றார் தலைவர் கனிவாக. "பிடிச்சுப்போச்சுன்னா அப்புறம் நியாயம் எங்க இருக்கு?"

அன்றைக்கு ஐந்து நட்சத்திரம் வாங்கியது ரத்தினக் கற்களை அடுக்குகிற ஒரு விளையாட்டு. அதன் கோப்பு தோல் அட்டை போட்டிருந்தது, உள்ளே பொருளடக்கம் இருந்தது, பக்கத்துக்குப் பக்கம் பட்டு ரிப்பன் வைத்திருந்தது. அந்த விளையாட்டை அவள் பஸ்ஸில் விளையாடியிருக்கிறாள். நிமிஷத்துக்கு ஒரு விளம்பரம் குதிக்கும்; விளம்பரத்தை மூடுகிற பெருக்கல் குறி கடுகளவு இருக்கும்; அதைத் தொடப் போனால் இன்னொரு விளம்பரம் திறக்கும். அவள் வாயைத் திறந்து அதைச் சொன்னாள். கோப்பில் விளம்பரம் எதுவும் இல்லையே என்று ஒவ்வொருவரும் பக்கம் புரட்டித் தேடினார்கள். இல்லைதான். அவள் சொன்னது குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. வாரியத்தில் சேருவதற்கு முன்னால் விளையாடியது என்பதால் மன்னிப்பும் வழங்கப்பட்டது.

இப்படியே சில மாதங்கள் போயின. கூட்ட நாளில் கடைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து, கோப்புகளைப் புரட்டி, மேஜையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போவாள். வீட்டில் போய்ப் பேசவும் ஆள் இல்லை. கணவன் ஷிப்டு வேலைக்குப் போகிறவன். வீட்டில் இருக்கிற இன்னொரு ஆள் அவனுடைய தங்கை. அவள் அண்ணியோடு பேசுவதில்லை.

அந்தக் கதை கொஞ்சம் அசட்டுக் கதை. நாத்தனார் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். அந்த ஆஸ்பத்திரி மேலாளர் கண்ணாடி மாற்ற இவள் கடைக்கு வந்தவர், பொண்ணு எப்படி என்று கேட்டார். கொஞ்சம் கோபக்காரி, ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டா என்று இவள் பாசத்தோடுதான் சொன்னாள். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை கிடைக்கவில்லை; காரணமும் நாத்தனார் காதுக்கு வந்துவிட்டது. மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள் அதை மட்டும் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து உப்பு வேண்டுமென்றாலும் அண்ணன் வழியாகத்தான் கேட்பாள். அண்ணன் இல்லாத நேரத்தில் உப்பில்லாமல் சாப்பிடுவாள்.

'மெல்ல இறக்கு' என்ற விளையாட்டின் கோப்பு வந்தது அப்போதுதான். மெலிந்த கோப்பு. அட்டைகூட இல்லை, ஓரத்தில் ஒரு பின் குத்தியிருந்தது. மாடி வீட்டிலிருந்து ஒரு பெரிய மர பீரோவைப் படிக்கட்டு வழியாகக் கீழே இறக்க வேண்டும். ஒரே டேப்லெட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விளையாட வேண்டும்; பீரோவின் ஒரு முனை ஒருவர் கையில், மறுமுனை இன்னொருவர் கையில். அவ்வளவுதான் விளையாட்டு.

வாரியம் அதை விடவில்லை. எலும்பு மருத்துவரான கட்டைவிரல் உறுப்பினர், ஒரு விளையாட்டுக்கு இரண்டு கட்டைவிரலே அதிகபட்சம், இதில் நான்கு வருகிறது என்றார். பாதுகாப்பு உறுப்பினர் படத்திலிருந்த படிக்கட்டை அளவுகோலால் அளந்து, கைப்பிடி உயரம் போதாது என்றார். பீரோவுக்குப் பதிலாகத் தீப்பெட்டியை வைத்தால் சுலபமாக இறங்கிவிடுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தீப்பெட்டி தீப்பற்றும் என்பதால் அது தலையணையாகத் திருத்தப்பட்டது. குடும்பநல உறுப்பினர்தான் கடைசி ஆணியை அடித்தார். விளையாடியவர்கள் எழுதிய கருத்துகளை அவர் சேகரித்திருந்தார். எல்லாவற்றிலும் சத்தம் போட்டதாகவே எழுதியிருந்தார்கள். கணவனை மனைவி திட்டியிருக்கிறாள், மாமனாரை மருமகன் 'கண்ணு தெரியலையா' என்று கேட்டிருக்கிறான். இது குடும்பத்தைக் குலைக்கும் விளையாட்டு என்று அவர் எழுதி வாசித்தார். அடுத்த கூட்டத்தில் நிராகரித்துவிடலாம் என்று முடிவாயிற்று. நிராகரித்தால் அந்த விளையாட்டை நாட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள். அதற்கு மட்டும் எல்லா உறுப்பினர்களின் கையெழுத்தும் வேண்டும்.

கூட்டம் முடிந்து அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஒரு இளம்பெண் பக்கத்தில் வந்து நின்றாள். கையில் டேப்லெட். அதைப் பெட்டியில் போட மாட்டேன் என்றதால் கட்டிடத்துக்குள்ளேயே விடவில்லை என்றாள். அந்த விளையாட்டைச் செய்தவள் அவள்தான். அவள் வீட்டாருக்கு வீடு காலி செய்து சாமான் ஏற்றி இறக்குகிற தொழில், லாரியில் வளர்ந்தவள்.

விண்ணப்பதாரரோடு பேசக் கூடாது என்று விதி இருக்கிறது என்று கண்ணாடிக் கடைக்காரி தயங்கினாள்.

"நீங்க பேச வேணாம்க்கா. நான் பேசறேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை விளையாடிப் பாத்துட்டு, அப்புறம் நல்லா இல்லைன்னு சொல்லட்டும். நான் வாய மூடிக்கிட்டுப் போயிடறேன். விளையாடாமயே எப்படிக்கா சொல்றாங்க?"

பஸ் வந்தது. இவள் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினாள். கிடைக்கவில்லை.

வீட்டில் ஒரு டேப்லெட் இருந்தது, நாத்தனாரின் அறையில். இவள் கதவைத் தட்டி, டேப் வேணும் என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். கதவு திறந்தது, ஒரு கை நீண்டது, டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டது. இவள் கூடத்தில் உட்கார்ந்து விளையாட்டை இறக்கினாள். இன்னொருவர் எங்கே என்று திரை கேட்டது. இன்னொருவருக்கு எங்கே போவது என்று தானே இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள். பீரோ முதல் படியிலேயே கவிழ்ந்து கடகடவென்று உருண்டு, கீழ்வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அந்த வீட்டுக்காரர் தலையில் துண்டோடு வெளியே வந்து திட்டினார். மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி உருண்டது. அவர் மறுபடி வந்து, இந்தத் தடவை வேறு மாதிரி திட்டினார்.

சத்தம் கேட்டு நாத்தனார் கதவோரம் வந்து நின்றாள். தண்ணீர் குடிக்க வந்தவள் மாதிரி நின்றாள். தண்ணீர் குடித்து முடித்த பிறகும் நின்றாள். பீரோ இன்னொரு தடவை உருண்டபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"இடது பக்கம் தூக்கணும். நீங்க எல்லாத்தையும் வலது பக்கமே சாய்க்கறீங்க."

இவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுவாள் என்று பயம். டேப்லெட்டின் மறுபக்கத்தை மட்டும் அவள் பக்கமாக நீட்டினாள். நாத்தனார் சற்று நின்றுவிட்டு, வந்து பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் குடும்பநல உறுப்பினர் பார்த்திருந்தால் தன் அறிக்கைக்கு இன்னும் பல பக்கங்கள் சேர்த்திருப்பார். எங்க பாக்கற என்றாள் அண்ணி. நீங்கதான் விட்டீங்க என்றாள் நாத்தனார். உனக்குக் கையா காலா என்றாள் அண்ணி. உங்களுக்கு இடது எது வலது எதுன்னு தெரியுமா இல்ல கடையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா என்றாள் நாத்தனார். படிக்கட்டு திரும்புகிற மூலையில் பீரோ சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இருவரும் டேப்லெட்டோடு சேர்ந்து சாய்ந்தார்கள், எழுந்து நின்றார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். பீரோவின் கண்ணாடி உடைந்தது. துண்டுக்காரர் வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிப்பதைப் பார்த்து அண்ணிக்கு வந்தது. அடக்க அடக்க அதிகமானது.

வேலை முடிந்து வந்த கணவன் வெளியிலிருந்தே கூச்சலைக் கேட்டு, ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்தான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னாச்சு என்று கேட்டான். பீரோ இறங்கிடுச்சு என்றாள் தங்கை. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது நாத்தனார், "அண்ணி, உப்பு," என்று கேட்டாள். நேராகக் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் நிராகரிப்பு உத்தரவு மேஜையைச் சுற்றி வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். இவளிடம் வந்ததும் நின்றது. மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டார் தலைவர்.

"நல்லா இருக்கு சார். நான் விளையாடினேன்."

செயலாளர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். இசை உறுப்பினர் தன் நாற்காலியைச் சற்று நகர்த்திப் போட்டுக்கொண்டார். கட்டைவிரல் உறுப்பினர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு உறுப்பினர் விளையாடிவிட்டால் அந்த வாரத்தின் எல்லா மதிப்பீடுகளும் தீட்டுப்பட்டுவிட்டனவா என்று விவாதம் நடந்தது. முடிவில் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். அதுவரை அவள் மேஜையின் கடைசியில், தனியாகப் போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும்.

விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்தார். நேர்மையான மனிதர், சளி பிடித்திருந்தது. அவருக்கு முதல் சிக்கல் உடனே வந்தது. அவள் என்ன செய்தாள் என்று தெரிய வேண்டுமானால் அந்த விளையாட்டு என்னவென்று தெரிய வேண்டும்; தெரிந்துகொள்ள அதைத் திறந்தால் அவரும் விளையாடியவர் ஆகிவிடுவார். ஆகவே, நடந்ததை வாயால் சொல்லும்படி அவளைக் கேட்டார். தட்டச்சுப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் சொன்னாள். பீரோவின் எடையைச் சொன்னாள், படிகளின் வழுக்கலைச் சொன்னாள், துண்டுக்காரரைச் சொன்னாள். மூலையில் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வந்தபோது தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. அதிகாரி மூக்கைத் துடைக்க எடுத்த கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"நிமித்தி வெச்சுப் பாக்கலையா நீங்க?" என்று கேட்டார்.

"பாத்தோம் சார். மேல தளம் இடிக்குது."

"அப்போ கதவைக் கழட்டிட்டு..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தட்டச்சுப் பெண்ணிடம், கடைசியாகப் பேசியதை அடிக்க வேண்டாம் என்றார். அன்று மாலை அவர் வாரியத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். ஒரு விளையாட்டை விவரிக்கக் கேட்பதும் அதை விளையாடுவதும் சட்டத்தின் முன் ஒன்றா என்று ஆலோசனை கேட்டிருந்தார். ஒன்றானால் தன்னை விசாரணையிலிருந்து விடுவிக்கும்படியும் கேட்டிருந்தார். விடுவித்தார்கள். புதிதாக வந்த அதிகாரி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கேள்வி பதில் எல்லாவற்றையும் எழுத்தில் நடத்தினார்.

மகிழ்ச்சி அடைந்தீரா? அடைந்தேன். எந்த அளவு? அளக்கவில்லை. சிரிப்பு வாய் திறந்தா, மூடியா? திறந்து. சிரிப்பை நிறுத்த முயற்சி எடுத்தீரா? எடுத்தேன், முடியவில்லை.

சாட்சியாக நாத்தனாரை அழைத்தார்கள். உங்கள் அண்ணி உங்களைத் திட்டினாரா என்று எழுதிக் காட்டினார் அதிகாரி. அவள் தாளைத் தள்ளிவிட்டு, காதில் பஞ்சையும் மீறிக் கேட்கிறபடி பேசினாள்.

"நான்தான் முதல்ல திட்டினேன். ஒரு வருஷமா இவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசல. திட்டறதுக்குக்கூடப் பேசல. அன்னைக்குத்தான் திட்டினேன். அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

குடும்பத்தில் திட்டு நிகழ்ந்தது சாட்சியத்தால் உறுதியாகிறது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். சாட்சி குற்றத்தில் பங்காளி என்றும் சேர்த்தார்.

அதன் பிறகு தலைவர் அவளைத் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். டீ வரவழைத்தார். அவருக்கு அவள் மேல் கோபம் இல்லை, சங்கடம்தான். வாரியத்துக்குள் ஒருவருக்கு அந்த விளையாட்டு பிடித்திருக்கிறது என்பது எழுத்தில் இருந்தால் நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போய்விடுவார்கள். ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"விளையாடினது தப்புதான். அதை விட்டுடலாம். நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க. விளையாடினேன், மகிழ்ச்சி அடையவில்லை. அவ்வளவுதான். அப்படி எழுதினா நீங்க எங்களுக்கு ஆதாரம். எழுதலைன்னா நீங்க எங்களுக்குக் குற்றவாளி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்மா, ஆனா முதல்ல சொன்னதுக்குக் காகிதம் குறைவாச் செலவாகும்."

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிப்பதற்கு உதவியாக, மறுநாள் கடை முதலாளிக்கு வாரியத்திலிருந்து போன் வந்தது. அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கண்ணாடி கொடுக்கிற ஒப்பந்தம் அவருடையது. அவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நீ நல்ல பொண்ணு, ஒரு வரி எழுதறதுல என்ன போயிடப்போகுது என்று வருத்தத்தோடு கேட்டார். கணவனும் அதையே கேட்டான். அவன் பயந்தவன், கெட்டவன் இல்லை. எழுதிட்டு வீட்டுல வந்து எவ்வளவு வேணும்னாலும் சிரிச்சுக்கோயேன் என்றான்.

நாத்தனார் வற்புறுத்தவில்லை. உங்க இஷ்டம் அண்ணி, எழுதினாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் குரலில் பொய் இல்லை. அதுதான் இவளைத் தூங்க விடாமல் செய்தது. அந்த ஒரு வரியை எழுதினால் கூடத்துத் தரையில் நடந்தது நடக்கவில்லை என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. ஒரு வருஷ மௌனம் எப்படி உடைந்தது என்பதற்கு அவளிடம் வேறு காரணமும் இல்லை.

இறுதிக் கூட்டத்துக்குப் பார்வையாளர்களை அனுமதித்தார்கள். அவள் அந்த ஒரு வரியை எழுதி வந்து சபையில் வாசிப்பாள் என்று தலைவர் எதிர்பார்த்தார். பார்வையாளர் வரிசையில் லாரி வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள், கையில் இந்தத் தடவை ஒன்றும் இல்லாமல். தலைவர் முன்னுரை நிகழ்த்தினார். மக்களை மகிழ்ச்சியிலிருந்து காப்பாற்றுகிற வேலை எவ்வளவு தனிமையானது என்று சொன்னார். தரம் என்பது யாருக்கும் பிடிக்காத பிறகும் மிஞ்சி நிற்பது என்று சொன்னார். தான் பார்த்த விளையாட்டுகள் அனைத்தையும் இன்றுவரை நினைவில் வைத்திருப்பதாகவும், குறிப்பாக அவற்றின் அட்டைகளை, என்றும் சொன்னார். பிறகு அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் எழுந்தாள். கையில் தாள் எதுவும் இல்லாமலே பேசினாள்.

"விளையாடினேன். மகிழ்ச்சி அடைஞ்சேன். திட்டினேன், திட்டு வாங்கினேன், வயித்த வலிக்கிற அளவு சிரிச்சேன். நீங்க அஞ்சு நட்சத்திரம் கொடுத்த கேமையும் விளையாடியிருக்கேன் சார். அதுல ஒரு தடவைகூட யாரோடயும் பேசினதில்லை. இதை நல்லா இல்லைன்னு எழுத என் கை வராது. நீங்க என்ன செய்யணுமோ செஞ்சுக்கங்க."

பார்வையாளர் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மேஜையில் உட்கார்ந்திருந்த இசை உறுப்பினரும் பழக்கதோஷத்தில் மேஜையைத் தட்டிவிட்டார்; பிறகு அது குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அவளைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். எல்லோருடைய கையெழுத்தும் வேண்டுமே என்று ஒருவர் கேட்டதற்கு, பொது உறுப்பினர் இடம் காலியாக இருக்கும்போது காலி நாற்காலி சம்மதித்ததாகக் கொள்ளலாம் என்று செயலாளர் விதியை எடுத்துக் காட்டினார். நாற்காலி சம்மதித்தது. கடை முதலாளி அவளைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடிகிற மாதிரி தெரியவில்லை. அவள் வேறொரு சின்னக் கடையில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்துகொண்டாள். வாரியத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினால் முதலாளி திரும்ப எடுத்துக்கொள்வார் என்று சொல்லியனுப்பினார்கள். எழுதவில்லை.

'மெல்ல இறக்கு' அறிவித்த நாளில் செயலிக் கடைகளிலிருந்து மறைந்தது. ஏற்கெனவே மக்களின் கைகளில் இருந்ததை மட்டும் வாரியத்தால் தொட முடியவில்லை; சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. எனவே விளையாடும்போது திரையில் ஒரு அறிவிப்பு வரும்படி செய்தார்கள். 'இது தரமற்ற விளையாட்டு. நீக்கச் சம்மதமா?' கீழே இரண்டு பொத்தான்கள்: 'சம்மதம்', 'பிறகு'. 'இல்லை' என்று ஒன்று வைத்தால் மக்களுக்குத் தவறான எண்ணம் வந்துவிடும் என்று தலைவர் சொல்லிவிட்டார். 'பிறகு' என்று தொட்டால் அடுத்த தடவை அறிவிப்பு கொஞ்சம் பெரிதாகி வரும். மாதக் கடைசியில் வாரியம் கணக்குப் பார்த்தபோது சம்மதம் என்று தொட்டவர்கள் மிகவும் குறைவாக இருந்தார்கள். அவர்களிலும் பலர் தவறுதலாகத் தொட்டுவிட்டதாகப் புகார் எழுதியிருந்தார்கள். வாரியம் அறிவிப்பை இன்னும் பெரிதாக்க முடிவு செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நாத்தனாரும் கூடத்தில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கணவன் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலே வழி சொல்லிக்கொண்டிருந்தான். பீரோ மாடிகளைக் கடந்து, மூலையைக் கடந்து, கடைசிப் படிக்கட்டுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. இந்தத் தடவை திரையில் பாதியை மறைத்துவிட்டது. கீழ்ப்படிகள், வாசல், துண்டுக்காரரின் கதவு, எதுவும் தெரியவில்லை. பீரோவின் தலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

பொத்தானைத் தொட அண்ணி ஒரு கையை எடுக்கப் போனாள். பீரோ ஆடியது.

"கைய எடுக்காதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "அது இருந்துட்டுப் போகட்டும். அடியில எத்தனை படி இருக்குன்னு எனக்குத் தெரியும். நீங்க இறக்குங்க."